மூன்று மில்லிமீட்டர்

காரின் வயிற்றில் ஒரு பள்ளம்.
நீளம் நூற்று முப்பத்தெட்டு,
அகலம் நாற்பத்தேழு.
மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால் அளந்தேன்.
ஆழம் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறாக வந்தது.
கடைசியில் இருபத்தைந்து என்று
நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

பகலில் எனக்கு முப்பந்தலில் வேலை.
எண்பது மீட்டர் ஏறி
அறுநூற்றுத் தொண்ணூறு வோல்ட்டுக்குப் பக்கத்தில் குந்தி
போல்ட் முறுக்குகிறவன்.
கணவாய்க் காற்று கோபுரத்தை ஆட்டும்போதும்
கை நடுங்கியதில்லை.
இரவு பதினொன்றரைக்கு
ஏழு புள்ளி நாலா, பதினொன்று புள்ளி ஒன்றா என்று
புரண்டு படுக்கிறேன்.

இரண்டு செல் போதும் என்கிறது
மோட்டாரில் ஒட்டிய சீட்டு.
மூன்று போட்டால் பறக்கும் என்கிறான் சுங்கான்கடை பிபின்.
அவன் கார் நிஜமாகவே பறந்தது.
இறங்கிய இடம் கிணறு.

தக்கலையில் ஜெராக்ஸ் கடை நடத்தும் நசீலா
போன வருஷம் இரண்டு கோப்பை வென்றவள்.
என் பேப்பரை ஸ்டேப்பிள் அடித்துக்கொண்டே சொன்னாள்:
'ஐயாயிரம், ஆறாயிரம்னு கொளத்துக்க அளவையே பாக்குத.
மடை எத்தன சாண்னு பாத்தியா?
வளைவு முடிஞ்சு திராட்டில அமுக்கும்போ
தண்ணி ஒரே மூச்சில வரணும்.
இருவத்தஞ்சு ரூவா.'
கடைசியாகச் சொன்னது ஜெராக்ஸுக்கு.

பார்வதிபுரம் கூரியர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு வாங்கி
பைக் டேங்கின் மேல் வைத்தே பிரித்தேன்.
கறுப்பு, கனம், அழகு.
பள்ளத்தில் இறங்கவில்லை.
சொன்ன அளவு சரிதான்,
வயர் வெளியே வரும் மூக்கை
யாரும் அளவில் சேர்க்கவில்லை.
மூன்று மில்லிமீட்டர்.

அரத்தை எடுத்தேன், தடுப்பை ராவிவிடலாமென்று.
அப்போது கண்ணில் பட்டது பழைய பேட்டரி.
இப்படித்தான் ஒருநாள் நெருக்கிச் செருகினேன்;
மே மாதத்தில் ஆப்பம் மாதிரி உப்பிக்கொண்டது.
இப்போது சொத்தவிளை மணல் நிரப்பிய மீன்சட்டியில்
வீட்டுக்கு வெளியே படுத்திருக்கிறது.
(அந்தச் சட்டி எங்கே போனதென்று
சுஜிலா கேட்டு ஒரு மாதமாகிறது.)
அரத்தைக் கீழே வைத்தேன்.

பெரியதை பிபினுக்கு விற்று
குட்டை ஒன்று வாங்கினேன், தொண்ணூற்றாறு நீளம்.
குளம் சின்னது, மடை பெரிது.
அதன் வாய் மஞ்சள், என் காரின் வாய் சிவப்பு.
ஒரு வயரை வெட்டி, பற்றவைத்து, மூடி,
அதன் பிறகே அடுத்ததைத் தொட்டேன்.
இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டியவன் கத்திரிக்கோலில்
பல் விழுந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சனி ராத்திரி சார்ஜில் போட்டதும் கரண்ட் போனது.
பல்லாயிரம் வீட்டுக்கு மின்சாரம் இறைத்துவிட்டு வந்தவன்
பைக் சீட்டைக் கழற்றி, அதன் பேட்டரியில் கிளிப் மாட்டி,
கொசுவோடு காத்திருந்தேன்.
நாலு புள்ளி இரண்டு. நாலு புள்ளி இரண்டு.
இரண்டு செல்லும் ஒன்றுபோல் நிறைந்தபோது
பள்ளிவாசலில் பாங்கு.

கருங்கல் பக்கம் மூடிக்கிடக்கும் முந்திரி ஆலை முற்றம்.
ஞாயிறு பூசை முடிந்து ஆறு கார்கள்.
சாரல் விட்ட சிமெண்டில்
பின்சக்கரம் வாலாட்டியது.
நீளம் குறைந்ததால் பேட்டரியை முன்னே தள்ளிவைத்தேன்;
மூக்கு கனத்து, வளைவில் கார் சொன்னபேச்சு கேட்டது.
மிச்சமிருந்த நாற்பத்திரண்டில்
ரப்பர்ச் செருப்பை அறுத்து அடைத்திருந்தேன்.
ஒரு துளி அசையவில்லை.

நாலாவது வந்தேன்.
நசீலா முதலாவது, சொல்லவே வேண்டாம்.
பிபினின் கார் இரண்டாம் சுற்றில் நின்றுவிட்டது;
அரத்தை அவன் கீழே வைக்கவில்லை போல.

அவள் வந்து என் காரைக் கவிழ்த்து
பேட்டரியில் புறங்கையை வைத்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
இளஞ்சூடு.
'செரி ஜஸ்டஸ், இது உனக்க காருக்கு உள்ளதுதான்'
என்று சொல்லிவிட்டு
கோப்பையை ஸ்கூட்டரின் கொக்கியில் மாட்டினாள்.

வீட்டில் சுஜிலா
ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.
நானும் கட்டிலுக்கடியில் குனிந்து
கூடவே தேடினேன்.